மனைவியிடம் விசாரித்ததில்

அக்டோபர் 17, திங்கள்

ஓய்வு பெற இன்னும் நூற்றாறு நாள். காலையில் என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது இவருக்கு. இப்போது எனக்கும் சேர்த்து நாள் எண்ணுகிறார்.

சிறையிலிருந்து இன்று ஒரு பரோல் மனு வந்தது. கைதி இசக்கிப்பாண்டி, வயது 43. பூட்டிய வீட்டை உடைத்துத் திருடிய வழக்குகள் ஆறு. முன்பே தண்டனை அனுபவித்தவர் என்பதால் கடைசி வழக்கில் கூட்டிப் போட்டு ஏழு வருஷம். அதில் நான்கு முடிந்திருக்கிறது. மனைவி முப்பிடாதிக்குக் கர்ப்பப்பையில் புற்று, நவம்பர் 9 பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன், கூட இருக்கப் பதினைந்து நாள் வேண்டும் என்று கேட்கிறார்.

வீட்டுக்குப் போய் மனைவியையும் அக்கம்பக்கத்தையும் விசாரித்து, விடலாமா கூடாதா என்று நான் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் வேலையே அதுதான். முப்பத்து நான்கு வருஷமாகச் செய்கிறேன்.

கோப்பின் மேல் சிவப்பு மையில் 'பழங்குற்றவாளி' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன, என் கையெழுத்துதான். முன்பு ஏதோ ஒரு மனு வந்தபோது எழுதியிருப்பேன்.

அக்டோபர் 19, புதன்

சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போவதாக இருந்தேன். முப்பிடாதி அங்கேதான் இருக்கிறாள். பதினோரு மணிக்கு நல்ல மழை. ஆட்டோக்காரர் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வரமாட்டேன் என்றுவிட்டார்.

மழை விட்டதும் இவர் ஆபீசுக்கே வந்தார். புது வீட்டு அடுப்படிக்கு டைல்ஸ் இன்று முடிவு செய்யாவிட்டால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவாராம். கடையில் இரண்டு மணி நேரம். வழுக்காத ரகம் வேண்டும் என்று இவர் பிடிவாதம், நிறம் பார்த்துத்தான் வாங்குவேன் என்று நான் பிடிவாதம். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று. வீட்டுக்கு வந்து யோசித்தால் அது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

அக்டோபர் 20, வியாழன்

தலைவலி. அரை நாள் விடுப்பு. மனு நாளைக்குள் போயாக வேண்டும்.

அக்டோபர் 21, வெள்ளி

இசக்கிப்பாண்டி அறிக்கை அனுப்பியாயிற்று. பரிந்துரைக்கவில்லை.

ஸ்டேஷன் ஏட்டையாவிடம் போனில் கேட்டேன். "மேடம், ஆறு கேசுக்காரனை வெளிய விட்டா தீபாவளிக் கூட்டத்துல நாங்க யாரைப் பாக்க? விட வேண்டாம்னு எழுதுங்க. நாங்களும் அதான் எழுதியிருக்கோம்" என்றார். நியாயம்தான்.

கருத்தையா விஷயத்துக்குப் பிறகு நான் யாருக்காகவும் துணிவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நல்லவனாகத் தெரிகிறான், தாயைப் பார்த்து வரட்டும் என்று அந்தக் கருத்தையாவுக்கு எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் பரோலில் போனவன் திரும்பவில்லை. ஒரு வீட்டில் திருடப் புகுந்தபோது கிழவர் ஒருவர் குறுக்கே வர, தள்ளிவிட்டு ஓடினான். கிழவர் படிக்கட்டில் விழுந்து அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எனக்கு மெமோ வந்தது. மெமோ பெரிதில்லை. அந்தக் கிழவரின் மகன் ஆபீஸ் வாசலில் நின்று, "உங்க அப்பாவா இருந்தா அவனை விட்டிருப்பீங்களா?" என்று கேட்டான். இன்னும் காதில் இருக்கிறது.

விடாமல் போனால் யாரும் வந்து கேட்பதில்லை.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. எண்ணெய்ப் பலகாரம் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

இசக்கிப்பாண்டியின் மனுவை நிராகரித்த உத்தரவின் நகல் வந்தது. என் அறிக்கையிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக இப்படி எடுத்துப் போட மாட்டார்கள். நகலைக் கோப்பில் வைத்தேன்.

நவம்பர் 9, புதன்

புது வீட்டில் தண்ணீர்க் குழாய் வேலை. ஆபீசுக்குப் போகும் பஸ் பெரியாஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது. இன்று ஏனோ அந்த நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றது.

நவம்பர் 28, திங்கள்

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். ஜவுளிக்கடை யூனிபார்ம் புடவை. "இசக்கிப்பாண்டி மக, சுகந்தி" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கம்மா வெள்ளிக்கிழமை செத்துப் போனா மேடம்."

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். அதற்குப் பிறகு உள்ளே சீழ் பிடித்து, பதினாறாம் நாள் போய்விட்டாள்.

"காவலோட கூட்டிட்டுப் போறோம், கடைசியா முகம் பார்க்க வான்னு எங்கப்பாவை ஜெயில்ல கேட்டிருக்காவ. அவரு வரமாட்டேன்னுட்டாரு. ஏன்னு நேத்துப் போயி மனுப் போட்டுப் பார்த்தேன். 'உங்கம்மா தான் நான் வர வேண்டாம்னு ஆபீசர்ட்ட சொல்லிட்டாளே. செத்த பொறவு அவ முகத்துல போயி முழிக்கவா?'ன்னு சொல்லுதாரு. மூணு வாரமா போன்கூடப் பண்ணல. அம்மா ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, 'அப்பா போன் வந்துச்சா, அப்பா போன் வந்துச்சா'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா."

நான் மேஜை மேல் கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

"எங்கம்மா எந்த ஆபீசர்ட்ட சொன்னா மேடம்? எப்பச் சொன்னா?"

கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கோப்பு என் மேஜையின் வலது பக்க அலமாரியில்தான் இருந்தது. ஆனால், கைவசம் இல்லை, தேட வேண்டும், அடுத்த வாரம் வா என்றேன்.

நவம்பர் 29, செவ்வாய்

ஆபீசுக்குப் போனேன். வந்தேன்.

நவம்பர் 30, புதன்

இவர் கேட்டார், "என்ன வடிவு, ரெண்டு நாளா பேச்சே இல்ல?" சுகர் பார்க்க வேண்டும் என்றேன்.

டிசம்பர் 3, சனி

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் பொய் எழுதினால் எங்கேதான் எழுதுவது.

அக்டோபர் 21-ஆம் தேதி நான் எழுதிய அறிக்கையில் ஐந்தாவது பத்தி இது: "மனைவியிடம் நேரில் விசாரித்ததில், கணவரின் வருகை குறித்து உறுதியான விருப்பம் எதையும் அவர் தெரிவிக்கவில்லை. கணவர் வருவதில் அவருக்குத் தயக்கம் இருப்பதாகத் தெரிகிறது."

நான் முப்பிடாதியைப் பார்த்ததே இல்லை. சுண்ணாம்புக்காரத் தெருவில் கால் வைத்ததில்லை. படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது என்பதற்காக எழுதினேன். ஆறு கேசுக்காரனின் பெண்டாட்டி வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெயரைக்கூட மனுவைப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஒரு வரி. காகிதம் காகிதமாகப் போய், சிறைக்குள் ஒரு மனிதனிடம் வாசித்துக் காட்டப்படும் என்று நான் நினைக்கவே இல்லை. என் பொய்யை அவர் பெண்டாட்டியின் வார்த்தை என்று நம்பியிருக்கிறார். அவளோ அவர் போனுக்குக் காத்திருந்து செத்திருக்கிறாள்.

கருத்தையாவால்தான் எனக்குப் பயம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. பயம் இருந்தவள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் டைல்ஸ் பார்க்கப் போனேன்.

டிசம்பர் 5, திங்கள்

சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போனேன். ஆபீசிலிருந்து பஸ்ஸில் பதினெட்டு நிமிஷம்.

ஓட்டு வீடு. முன்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம். சுகந்தி வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள், மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தாள். யார் என்று சொன்னேன்.

"ஜெயில்லருந்து வர்ற ஆபீசரம்மாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தான் வாரீங்களாக்கும்?"

அக்டோபரில் சிறையிலிருந்து போன் வந்ததாம், இந்த வாரத்தில் ஆபீசர் வருவார் என்று. முப்பிடாதி இந்த அம்மாளிடம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இரவல் வாங்கி வாசலில் போட்டிருக்கிறாள். மழை வந்தால் உள்ளே எடுப்பாள், விட்டதும் துடைத்து மறுபடி போடுவாள். நாலு நாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடப்பவள், தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு வந்து நிற்பாளாம்.

"என்ன சொல்லணும்னு எங்கிட்ட ஒப்பிச்சுப் பார்த்தா. 'அவரு தப்பு செஞ்சவருதான், நான் இல்லைங்கல. பதினஞ்சு நாளும் என் கண்ணு முன்னாலயே வச்சுக்கிடுதேன், தெருவைத் தாண்ட விடமாட்டேன்'னு. அஞ்சாவது நாள் நாற்காலியைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டா. ஆபீசர் வரலியான்னேன். அவங்களுக்கு எத்தனை சோலியோன்னு சொன்னா."

அந்த அம்மாள் நாற்காலி எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 7, புதன்

செய்யாமல் விட்ட விசாரணை முழுவதையும் செய்வது என்று முடிவு. இன்று லீதியாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். இசக்கிப்பாண்டி கடைசியாக உடைத்த வீடு அவருடையது. எழுபத்திரண்டு வயது. தனியாக இருக்கிறார். கதவில் மூன்று தாழ்ப்பாள், ஒரு இரும்புச் சட்டம். எல்லாவற்றையும் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"நகை போனது போகட்டும். எங்க வீட்டுக்காரர் போட்டிருந்த கைக்கடிகாரத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். அது கெடைக்கவே இல்ல. தங்கச்சி மகன் கல்யாணத்துக்குக்கூட நான் வீட்டைப் பூட்டிட்டுப் போகல. நாலு வருஷமா கோயில், கடை, வீடு, அவ்வளவுதான். தண்டனை அவனுக்கா எனக்கான்னு சில நாள் நெனச்சுக்குவேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். முப்பிடாதி இறந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நான் அவனை மன்னிக்கல. அதையும் எழுதிக்கோங்க. ஆனா என்னைக் கேட்டிருந்தா போயிட்டு வரட்டும்னுதான் சொல்லியிருப்பேன். போலீஸ் போட்டு அனுப்பியிருக்கலாமே. யாரும் வந்து என்னைக் கேக்கலியே?" என்றார்.

இரண்டாவது வீட்டிலும், ஏன் வரவில்லை என்ற அதே கேள்வி.

டிசம்பர் 12, திங்கள்

சிறைக்குப் போனேன். வாசல் வரை வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் போனேன்.

இசக்கிப்பாண்டி ஒல்லியாக, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். நான்கு வருஷமாகச் சிறை அடுக்களையில் வேலை. முழங்கையில் கொதி எண்ணெய் பட்ட தழும்பு. நடத்தையில் ஒரு குறிப்புக்கூட இல்லை. இதெல்லாம் மனுவோடு வந்த காகிதத்திலேயே இருந்தது. நான் சிவப்பு மையைத் தாண்டி வாசிக்கவில்லை.

"உங்க மனைவி நீங்க வர வேண்டாம்னு சொல்லலை" என்றேன். "நான் உங்க வீட்டுக்கே போகலை. அது நானா எழுதினது."

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியாமல் மறுபடியும் சொன்னேன். நாற்காலி போட்டு நாலு நாள் காத்திருந்ததைச் சொன்னேன். அவள் ஒப்பித்துப் பார்த்ததை, பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபடியே சொன்னேன். 'தெருவைத் தாண்ட விடமாட்டேன்' என்ற இடத்தில் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"போனைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

"நான் வேணும்னேதான் பண்ணல மேடம். வாரத்துக்கு ஒருக்கா வரிசையில நின்னு என் முறை வரும். நம்பரு மனசுல இருக்கும். இவ என்னை வேண்டாம்னுட்டா, நான் ஏன் பண்ணணும்னு அடுத்தாளுக்கு விட்டுக் கொடுத்துருவேன். மூணு தடவை."

மன்னித்துவிடுங்கள் என்றேன். சொன்னதும், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. அவரிடம் அதையும் கேட்டு வாங்கிப் போக வந்தவள் போல.

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் எத்தனையோ வீடு உடைச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "ஒரு வீட்டுக்காவது திரும்பப் போயி, நாந்தான்னு சொல்லியிருப்பனா? சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கேன். இப்பத் தெரியுது. ஒண்ணும் ஆகல மேடம். போனது போனதாத்தான் இருக்கு."

எழுந்து போய்விட்டார்.

டிசம்பர் 13, செவ்வாய்

மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போகாமலே போனதாக அறிக்கை கொடுத்தேன், ஐந்தாவது பத்தி பொய், அதை நம்பி மனு நிராகரிக்கப்பட்டது என்று எழுதினேன். லீதியாள் டீச்சர், பக்கத்து வீட்டு அம்மாள் இருவரும் சொன்னதையும் இணைத்தேன். இனி இந்தக் கைதி மனுப் போட்டால் என் பழைய அறிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று முடித்தேன்.

தபாலில் போட்ட பிறகுதான் இவரிடம் சொன்னேன். முதலில் கோபம் வந்தது இவருக்கு. "ஒண்ணரை மாசம் பொறுத்திருந்தா மரியாதையா வீட்டுக்கு வந்திருப்பே. இனி ஓய்வு பெறவே விடமாட்டான். இதைச் சொல்லி அந்தம்மா உயிர் திரும்பவா போகுது?"

"இல்ல" என்றேன்.

"அப்புறம் எதுக்கு?"

"அவருக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கே. அடுத்த மனுவையும் என் அறிக்கையை வச்சுத்தான் பார்ப்பாங்க."

சாயங்காலம் இவராகவே காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

டிசம்பர் 14, புதன்

சுகந்தி வேலை பார்க்கும் கடைக்குப் போய், உண்மையைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றதும், "சரி, போங்க" என்றாள்.

ஜனவரி 31, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். ஓய்வு பெற அனுமதியில்லை, விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். ஆபீசில் வாங்கி வைத்திருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன். எத்தனையில் ஐந்தாவது பத்தி சரியாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து வருஷம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறேன், அது நிச்சயம். அதற்குப் பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

பழைய ஆபீசிலிருந்து உதவியாளர் போன் செய்தார். இசக்கிப்பாண்டி மறுபடி மனுப் போட்டு, ஆறு நாள் கிடைத்திருக்கிறதாம். செத்த பெண்டாட்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய என்று எழுதியிருக்கிறார். காவல் இல்லாமல், தினம் ஸ்டேஷனில் கையெழுத்து. நாளை காலை வெளியே வந்து திங்கள் மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண் இரண்டு தடவை வீட்டுக்குப் போனாளாம்.

பிப்ரவரி 17, வெள்ளி

புது வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. சாமான்களை இன்னும் பிரிக்கவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் உள்ளூர்ப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். எங்காவது வீடு உடைந்திருக்கிறதா என்று. இன்றும் இல்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மூன்றரை மணிக்கே போய், சிறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். இவரிடம் பாங்குக்கு என்று சொல்லியிருந்தேன். இரண்டு டீ குடித்தேன். நான்கேகால் ஆனது, நான்கரை ஆனது. கருத்தையா வராத நாளும் இப்படித்தான் போனது. அன்றைக்கு நான் ஆபீசில் போன் பக்கத்தில் இருந்தேன்.

நான்கு நாற்பதுக்கு பஸ்ஸிலிருந்து இசக்கிப்பாண்டியும் சுகந்தியும் இறங்கினார்கள். மொட்டை போட்டிருந்தார். வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். மகள் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சுகந்தி ரோட்டைத் தாண்டி வந்தாள். என்னைக் கவனித்திருக்கிறாள்.

"நீங்க எதுக்கு மேடம் வந்தீங்க?"

"திரும்பி வாராரான்னு பாக்க."

"வரமாட்டாருன்னு நெனச்சீங்களோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"ஆமா" என்றேன். "மூணரை மணிலருந்து அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்தமாதிரி தெரியவில்லை. என்னிடம் அவள் வேறெதையும் எதிர்பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் வந்தது. எங்கள் பக்கம் போகிற பஸ்தான். அவள் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.